நகுலன் கவிதைகளில் அன்றாட வாழ்வு: கேரளத் தமிழ் எழுத்து வரலாற்றுப் பின்புலத்தில் ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் நகுலன் (1921–2007) பெரும்பாலும் தத்துவக் கவிஞராகவே மதிப்பிடப்படுகிறார். இருண்மை, தன்னிலை மறுப்பு ஆகியனவே அவர் கவிதைகளின் அடையாளங்களாகச் சுட்டப்படுகின்றன. இம்மதிப்பீடு முழுமையானதன்று, அவர்தம் தத்துவத்திற்கு அடித்தளமாக அமைவது அன்றாட வாழ்வே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்புலம்

சேரநாட்டுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பதிற்றுப்பத்துக் காலம் தொட்டு நிலவுவது. அச்சுக்காலத்திலும் அது தொடர்ந்தது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்திலும், ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் போர்த்துக்கீசியரின் கொச்சியிலும் அச்சேறின. முத்துக்குளித்துறைப் பரதவர்க்கென எழுதப்பட்ட இந்நூல்கள் எளிய மக்களின் பேச்சுமொழிக்கு நெருங்கி நின்றன என்பது கருதத்தக்கது.

1956ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்துடன் இணைந்தன. திருவனந்தபுரத்துத் தமிழர் மலையாள மாநிலத்தின் தலைநகரில் மொழிச் சிறுபான்மையினராயினர். அச்சூழலிலிருந்து ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவையும், நீல. பத்மநாபன் குடும்ப உறவுகளையும் புனைகதையில் பதிவு செய்தனர். கும்பகோணத்தில் பிறந்து இளமையிலேயே திருவனந்தபுரம் சென்ற நகுலன் (டி.கே. துரைசாமி), மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். 1968இல் ‘குருக்ஷேத்திரம்’ என்னும் தொகைநூலை அந்நகரிலிருந்தே வெளியிட்டார்.

பொருளும் மனிதரும்

மாதவன் காட்டுவது தெரு. நகுலன் காட்டுவது அறை. அவர் கவிதைகளில் பெருநிகழ்ச்சிகள் இல்லை. நண்பர் வருகிறார், பேச்சு நிகழ்கிறது, அவர் சென்றபின் தனிமை எஞ்சுகிறது. வந்தவர் பெயர் உறுதிப்பட்ட பின்னும் ஆள் யாரெனத் தெளிவுபடாமலே முடியும் இராமச்சந்திரன் கவிதை இதற்குத் தக்க சான்று. நாள்தோறும் நிகழும் ஓர் அறிமுக உரையாடலே அங்குப் பெயருக்கும் ஆளுக்கும் உள்ள உறவை வினவும் கருவியாகிறது. கவிஞர் தத்துவக் கலைச்சொல் எதனையும் கையாளவில்லை என்பது நோக்கத்தக்கது.

‘கோட்ஸ்டாண்ட் கவிதைகள்’ (1981) என்னும் தலைப்பும் இவ்வகையில் பொருள் பொதிந்தது. வீட்டின் மூலையில் நிற்கும் அறைகலன் ஒன்று கவிதைத் தொகுப்பிற்குப் பெயராகிறது. உடுத்தியவர் நீங்கிய உடையைத் தாங்கும் அப்பொருள், இருப்பு, இன்மை ஆகிய இரண்டையும் ஒருங்கே உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

அகப்பாடல்களில் முதலும் கருவும் உரிப்பொருளைத் துலக்குவது போல, இங்கு அறையும் அறைகலனும் தனிமையைத் துலக்குகின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அகமரபில் நிலம் பொதுவானது. கேட்போர் அனைவரும் அறிந்தது. நகுலனின் அறையோ ஒருவருக்கே உரியது. தம் மொழி பேசுவோர் குறைந்த நகரில், வீட்டிற்கு வரும் நண்பரின் தமிழ்ப்பேச்சு மிகு மதிப்புப் பெறுவது இயல்பே. அவர் கவிதைகளில் வருகையும் பிரிவும் பெறும் அழுத்தத்தை இப்பின்புலத்திலும் விளக்க இயலும்.

முடிவுரை

நகுலனை இருண்மைக் கவிஞர் என்று மட்டும் வகைப்படுத்துவது அவரை அவர்தம் நிலத்திலிருந்து பிரிப்பதாகும். அவ்வாறு பிரிக்குங்கால் கேரளத் தமிழ் எழுத்தின் நெடிய வரலாறும் தமிழிலக்கிய வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அவர் கவிதைகளைச் சண்முக சுப்பையா முதலிய திருவனந்தபுரத்துக் கவிஞர்களின் படைப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்குறையைப் போக்கும்.