பழைய கார்களும் நம் குடாநாடும்

மனிதன் ஆக்கிய பொருள்களுட் சில, பழகப் பழகப் பெறுமதி குன்றுவன. சில, பழமை எய்துந்தோறும் பெறுமதி ஏறுவன. மோட்டார் வண்டியோ இவ்விரு வகையிலும் அடங்கும் விந்தைப் பொருள். வாங்கிய மறுநாளே அதன் விலை இறங்கத் தொடங்குகின்றது, பத்தாண்டிற் பாதியாகின்றது, இருபதாண்டிற் பழைய இரும்பாகின்றது. அவ்விரும்புக் கடைக்குத் தப்பிப் பிழைத்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டாலோ, அதனைக் காண்பதற்கென்றே மக்கள் திரள்கின்றனர்.

பழைய கார்களைக் கூட்டிவைத்துப் பார்த்து மகிழும் வழக்கம் மேனாட்டிலே தோன்றியது. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி, இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகளின் வேக எல்லை மணிக்கு நாலு மைலிலிருந்து பதினாலு மைலாக உயர்த்தப்பட்டது. வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் என்ற விதியும் அன்றோடு ஒழிந்தது. அம்மகிழ்ச்சியைக் கொண்டாட இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை வண்டிகளை ஓட்டிச் சென்றார்கள். 1927இல் அவ்வோட்டத்தை நினைவுகூர்ந்து மீண்டும் ஓடினார்கள். பின்னர் அது ஆண்டுதோறும் நிகழும் விழாவாயிற்று. 1905ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளுக்கே அதில் இடமுண்டு. இந்தியாவில் 'ஸ்டேற்ஸ்மன்' பத்திரிகையார் 1964இல் டில்லியிலும் 1968இல் கல்கத்தாவிலும் இத்தகைய ஊர்வலங்களைத் தொடக்கிவைத்தனர். கோயம்புத்தூரிலே, அறிஞர் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் விளங்கும் நிறுவனத்தார் 2015இல் ஒரு கார்க் காட்சிச்சாலையையே திறந்தனர். கொழும்பிலும் பழைய கார் உரிமையாளர் சங்கங்கள் உண்டு. அவர்கள் நடத்தும் கண்காட்சிகளுக்கு இளைஞர் கூட்டம் குறைவதில்லை.

'வின்டேஜ்' என்று இவ்வண்டிகளை அழைக்கின்றார்கள். அச்சொல் முந்திரிகைப் பழ அறுவடையிலிருந்து வந்தது. எந்த ஆண்டின் மது என்று குறிப்பதற்கு எழுந்தது. ஆங்கிலேயர் கணக்கில் 1919 தொடங்கி 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளே இப்பெயருக்கு உரியன. அதற்குப் பிற்பட்டவற்றுட் சிறந்தவை வேறு பெயர் பெறும். இக்கணக்கின்படி நம் ஊர் ஒழுங்கைகளில் இன்றும் காணப்படும் ஒஸ்ரினும் மொறிசும் அப்பட்டத்துக்கு உரியன அல்ல. அதனால் அவற்றின் பெருமை குறைந்துபோவதாக யான் கருதவில்லை. பட்டம் பெறாத பண்டிதர் நம்மிடையே எத்தனை பேர்!

குடாநாட்டில் மோட்டார் வண்டி பெருகிய கதை இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர்த் தொடங்குகின்றது. அதற்கு முன்னும் கார்கள் இருந்தன. ஆனால் அவை பெரிய உத்தியோகத்தர், வைத்தியர், நியாயவாதிகள் ஆகியோரின் உடைமைகளாய் இருந்தன. மற்றையோருக்கு மாட்டு வண்டியும் 1905இல் காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்த புகைவண்டியுமே கதி. யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா கடன்பட்டு நின்றது. கடல் கடந்து பண்டங்களை விற்றாலன்றி அந்நாடு நிமிர வழியில்லை. ஏற்றுமதி செய்யும் கொம்பனிகளுக்கே அரசாங்கம் உருக்கைத் தாராளமாக வழங்கியது. ஆகவே அங்குள்ளோர் ஒரு புதுக் காருக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க, ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் கப்பல் கப்பலாக இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் வந்திறங்கின.

அதே வேளையில் நம் நாட்டிலும் கையில் காசு புழங்கியது. 1950இல் மூண்ட கொரிய யுத்தத்தினால் இறப்பர் விலை ஏற, நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி பெருகியது. யாழ்ப்பாணத்தில் மலாயாப் பென்சன்காரரும், அரசாங்க எழுதுவினைஞரும், புகையிலை வெங்காயம் விற்றுப் பொருளீட்டியோரும் கார் வாங்கத் தலைப்பட்டனர். வாங்கியவர் எல்லாம் தம் சுகத்துக்காக வாங்கினர் என்று சொல்லமுடியாது. வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று எண்ணியவர்களே பலர். சந்திக்குச் சந்தி வாடகைக் கார்கள் நின்ற காலம் அது.

அக்கார்களுட் தலையாயது ஒஸ்ரின் ஏ-40. நம்மவர் வாயில் அது 'ஏ போட்டி'. 1947இல் வெளிவந்தது டெவன். 1952 தொடக்கம் 1954 வரை வந்தது சோமசெற். பேமிங்காம் நகரை அடுத்த லோங்பிறிஜ் தொழிற்சாலையில் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சோமசெற் கார்கள் செய்யப்பட்டன. உருண்டு திரண்ட உடல். மூக்கிலே சிறகு விரித்த 'ஏ' என்னும் எழுத்து. கியர்த் தடி சுக்கானோடு சேர்ந்திருக்கும். திரும்பும்போது கதவுகளுக்கிடையிலிருந்து சிறு கைகாட்டி எழும்பி நிற்கும். 1200 சீ.சீ. எஞ்சின். இன்றைய கணக்கில் அது சிறிய எஞ்சின் என்பதை இளைஞர்கள் அறிவார்கள். ஆயினும் கலியாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை, மடியில் இருந்த பிள்ளைகள் நீங்கலாக எண்ணினாலும் எட்டுப் பேருக்குக் குறையாமல் அது இழுத்துச் சென்றது.

மொறிஸ் மைனரின் கதை வேறு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே அதை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பாதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினாராம். மைனரின் எஞ்சின் மூடியில் நடுவே ஓடும் தட்டைப் பட்டையை உற்றுப் பார்ப்போர் அந்த நாலு அங்குலத்தை இன்றும் காணலாம். கொம்பனித் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கு அவ்வண்டியின் உருவம் பிடிக்கவில்லை. உடைத்து வேகவைத்த முட்டை என்று இகழ்ந்தார். அந்த முட்டைதான் 1960இன் முடிவில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் ஆயிற்று.

அக்காலத்து அரசியலும் காரின் நெற்றியில் எழுதப்பட்டது. அதுவரை ஈ.எல்., ஈ.என். என்று இரட்டை ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய இலக்கத் தகட்டில் 1957ஆம் ஆண்டு தொடக்கம் சிங்கள 'ஸ்ரீ' இடம்பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்து, தமிழ் 'ஸ்ரீ' எழுதி வண்டி ஓட்டும் இயக்கத்தைத் தொடக்கினர். 1957 யூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அது ஓய்ந்தது. 1958இல் அரசாங்க பஸ்கள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்கே வந்தபோது மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஒப்பந்தமும் கிழிந்தது. பழைய ஆங்கில எழுத்துத் தகட்டுடன் ஒரு கார் இன்று எதிரே வந்தால், அது அச்சச்சரவுக்கு முற்பட்டது என்று கண்டுகொள்க.

1960களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. உள்ளதைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. இந்நிலையிலேதான் நம் கராஜ்காரரின் கைத்திறன் வளர்ந்தது. இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைசற் பட்டடையிற் செய்தார்கள். உக்கிய தகட்டை வெட்டி ஒட்டினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்தன. ஒஸ்ரினுக்கு முடிவு வந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் முடிவு வரவில்லை, யுத்தம் வந்தது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி முதலியவற்றுக்குத் தடை விழுந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்காலத்தில் புது ஜப்பானியக் கார்கள் பல மரக்கட்டைகளின்மேல் ஏறி நிற்க, முதுமை எய்திய ஏ-40 வீதிக்கு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடிற்று.

இது எவ்வாறு இயன்றது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அன்றியும், காற்றையும் எரிபொருளையும் மிக அழுத்தும் புதிய எஞ்சின்களில் அது காலத்துக்கு முந்தி வெடித்துத் தட்டும். ஏ-40இன் அமுக்க விகிதமோ ஏழுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். ஆகவே காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அது ஓடும். பற்றறி இல்லையா? முன்னே துவாரம் உண்டு. இரும்புக் கைபிடியை நுழைத்துச் சுழற்றினாற் போதும். நம்மவர் செய்தது வெறும் குறும்பு வேலையன்று. இங்கிலாந்தில் 1949 முதல் வந்த பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தது. அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே மரநிழலில் செய்தார்கள்.

குறைகளும் இருந்தன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலிற் கலந்து அதை நீராக்கும். பிளக் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். புகையோ சொல்லத் தரமன்று. 'கார்' என்றால் கருமுகில் என்று பொருள் கொண்ட தமிழ் அப்பொழுதுதான் இவ்வண்டிக்கு முற்றும் பொருந்திற்று! ஒரு சிறு போத்தல் பெற்றோலைப் பொன்போற் பொத்திவைத்திருந்தார் சாரதி. நள்ளிரவிற் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அழைப்பு வரும் என்று அவருக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரை விட்டு எழுந்தபோது, மழையிலும் நெரிசலிலும் நகர்ந்த சைக்கிள்கள், உழவு இயந்திரங்கள், மாட்டு வண்டிகளோடு இக்கார்களும் நகர்ந்தன. கூரைமேற் பாயும் பானையும். உள்ளே நடக்கமாட்டாத முதியோர். அந்த இடப்பெயர்வைக் கண்ட கார்கள் சில இன்னும் ஓடுகின்றன.

கண்காட்சிகளில் ஒரு விதி உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்தபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருக்கும் வண்டிக்கே நடுவர் புள்ளி தருவர். ஆணி மாறினாலும் புள்ளி குறையும். இவ்விதிப்படி நம் கார்களுட் பல கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். எஞ்சினே ஜப்பானியமாக மாறியவை உண்டு. இதனைக் கலப்படம் என்று முகஞ்சுளிப்போர் ஒரு செய்தியை அறிதல் நன்று. ஜப்பானிய நிசான் கொம்பனி 1952இல் ஒஸ்ரின் கொம்பனியுடன் உடன்படிக்கை செய்து, மறு ஆண்டிலிருந்து இதே சோமசெற் காரையும், பின்னர் ஏ-50 காரையும் தன் நாட்டிற் பூட்டி விற்றது. அவ்வாறு கற்ற கல்வியிலிருந்தே தன் எஞ்சின்களை வளர்த்தது. ஆகவே டற்சன் எஞ்சின் பூட்டிய ஒஸ்ரின், பாட்டியைப் பேரன் கைபிடித்து நடத்துவது போன்றது. பிரித்தானிய நடுவர் இதற்கு எத்தனை புள்ளி தருவாரோ அறியேன்; என் கணக்கில் அது முழுப் புள்ளி பெறும்.

நமக்குரிய கார்க் கண்காட்சி ஆயுத பூசை நாளிலே நடக்கின்றது என்பது என் எண்ணம். கராஜ் வாசலில் வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் சாத்தி, மாவிலையும் மாலையும் கட்டி, சக்கரத்தின் கீழ் தேசிக்காய் வைத்துப் பூசை செய்கின்றார்கள். சுத்தியலும் சாவியும் அதே படியில் வைக்கப்படுகின்றன. மேனாட்டார் வண்டியை மாத்திரம் மேடையேற்ற, நாம் அதைத் திருத்திய கருவிக்கும் பூச்சூட்டுகின்றோம். திருத்திய ஆளின் பெயரைத்தான் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

2002இல் கண்டி வீதி திறந்தது; 2006 ஓகஸ்டில் மூடியது; 2009இல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அவ்வழியால் புதிய வாகனங்கள் வந்தன; பழையதைத் தேடி வாங்குவோரும் வந்தனர். முற்றத்தில் கோழி அடைகாக்கும் ஏ-40க்குக்கூட நல்ல விலை சொல்கின்றார்கள். விற்பவரைக் குறைகூற யாம் யார்? மகளின் கலியாணச் செலவுக்கோ மகனின் படிப்புக்கோ விற்கிறார்கள். வாங்குவோரும் அதனைப் புதுக்கி அழகுற வைத்திருப்பர். கார் கண்காட்சிக்குப் போய்ச் சேரும். ஆனால் அது மண்ணெண்ணெயில் ஓடிய கதை காரோடு போவதில்லை. புது வர்ணம் பூசும்போதே அது மறைந்துவிடுகின்றது.

ஆதலால் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்ல விரும்புகின்றேன். உடுப்பிட்டியிலும் அயலூர்களான வல்வெட்டித்துறை, கரணவாய், நெல்லியடி, பருத்தித்துறை ஆகிய இடங்களிலும் எஞ்சியிருக்கும் பழைய கார்களைத் தேடிப் போங்கள். படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உரிமை மாறிய திகதிகள் அதிலே வரிசையாக இருக்கும். ஒவ்வொரு திகதிக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் செய்தி இருக்கும். பிறகு அதை ஓட்டியவரையும் திருத்தியவரையும் கண்டு, 1990க்கும் 1995க்கும் இடையில் எதை எதற்குப் பதிலாகப் பூட்டினார்கள், துளிப் பெற்றோலை எங்கே எவ்வாறு விட்டார்கள், எந்தப் பாகம் முதலிற் பழுதுபட்டது என்று கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது ஐயா வாயால் மட்டும் சொன்னாற் போதும் என்று இராமல், மூடியைத் திறந்து கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் அதுவே விருப்பமாயிருக்கும். எழுதியவற்றை அடுத்த மலருக்குத் தந்தால், பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவிடம் யானே கேட்பேன்.