நீரடிக் கமரா: வடிகட்டியும் அண்மை வில்லையும்

தெகிவளை மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்லாஸ், இலங்கைச் சுழியோடலின் முன்னோடி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், சுழியோடி மைக் வில்சன் ஆகியோருடன் 1950களிலேயே இக்கடல்களில் மூழ்கியவர். இன்று அதே கடலில் நீர்புகாத சட்டைப்பைக் கமராவே படம்பிடிக்கப் போதும்.

ஆனால் கடல்நீர் சிவப்பொளியையே முதலில் விழுங்குகிறது. சில மீற்றர் ஆழத்திலேயே செந்நிற மீன் சாம்பல் நிறமாகிவிடும். நீல நீரில் சிவப்பு வடிகட்டியும் பச்சை நீரில் மெஜந்தாவும் இதைச் சரிசெய்யும். ஏறத்தாழ 15 மீற்றருக்குக் கீழே வடிகட்டியால் பயனில்லை. பிளாஷுடன் சேர்த்தால் படம் சிவந்து கெடும்.

சிற்றுயிர்களை நெருங்கிப் படமெடுக்க உதவும் அண்மை வில்லையை நீருக்குள்ளேயே மாட்டலாம், கழற்றலாம். மாட்டியதும் இடையில் சிக்கும் காற்றுக்குமிழை விரலால் வெளியேற்றவேண்டும். கடல் நத்தையின் கொம்பு வரிகள்கூட அப்போது தெளிவாகப் பதியும்.

இலங்கையின் மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீர் தெளிவு; படமெடுக்க அதுவே காலம். வடிகட்டி, வில்லை இரண்டில் ஒன்றே வாங்க முடிந்தால், வில்லையை வாங்குங்கள்.