கார் கண்ணாடியில் தெரியும் வேகம் - எதிரி யார்?

முன்கண்ணாடியில் வேகம் மிதப்பதுபோல் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே போர் விமானத்திலிருந்து வந்த சமாச்சாரம். 1958-ல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் பக்கனீர் இதில் முன்னோடி. நம் தேஜஸுக்கு இதை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். அந்தத் தேஜஸ் படைப்பிரிவு 2018-ல் நம் கோவை சூலூருக்கு வந்தது.

காருக்கு இது வந்தது 1988-ல், ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமில். அப்போது சில எண்கள் மட்டும்தான். பிறகு எல்சிடி திரை வந்தது, படம் பெரிதானது. கூடவே வெயில் பிரச்சினையும் பெரிதானது.

ஏன்? டேஷ்போர்டுக்குள் இருக்கும் குழியாடி, சின்னத் திரையின் படத்தைப் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. வெளிச்சத்துக்கு அது இருவழிப் பாதை! அதே வழியில் உள்ளே வரும் வெயிலை ஆடி திரைமேல் குவித்துவிடும். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்திருப்பீர்களே, அதே கதைதான். சூடேறினால் திரை கறுத்துப்போகும்; அதன் பிளாஸ்டிக் படலங்களும் கெடும்.

பொறியாளர்கள் கண்ட வழிகள் மூன்று:

1. காட்சி ஒளியை மட்டும் பிரதிபலித்து, வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிர்களைப் பின்னால் கடத்திவிடும் 'குளிர் ஆடி'.
2. திரையின் ஒளியை விட்டு, வெயிலில் ஏறத்தாழ பாதியைத் தடுக்கும் போலராய்டு வடிகட்டி.
3. வண்டியை நிறுத்தியதும் வெயில் திரையில் விழாதபடி ஆடியைத் திருப்பி வைப்பது.

2022-ல் மாருதி பலேனோவிலேயே இந்த வசதி வந்துவிட்டது. ஆடி மாதம் பெரியபாளையம் கோயிலுக்கு வந்து திறந்தவெளியில் மணிக்கணக்கில் நிற்கும் கார்களிலும் இனி இது இருக்கும். வேகத்தைக் காட்டும் திரை பாதி வழியில் கறுத்தால் ஆபத்து ஓட்டுபவருக்குத்தான். குளிர் நாட்டு அளவுகோல் நம் ஊருக்குப் போதாது. என்ன சொல்கிறீர்கள்?