கொழுப்பு எலும்பைக் காப்பாத்துமா? பாஸ்டனில் ஒரு 70 வருஷக் கதை

போன வருஷம் எங்க அம்மா அப்பார்ட்மென்ட் படிக்கட்டில் கடைசிப் படியைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டார். ஒரே ஒரு படிதான். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு 58 வயசு, பூசின உடம்பு. பார்க்க வந்த அத்தை, "ஒல்லியா இருக்கிறவங்களுக்குத்தானே எலும்பு வீக்கா இருக்கும், அண்ணிக்கு எப்படி?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம். தோண்டிப் பார்த்ததில் கிடைத்த கதைதான் இந்த எபிசோட்.

கதையின் முக்கியமான காட்சிகள் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் நடக்கின்றன. 1941-ல் அங்கே ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் தன் நோயாளிகளிடம் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கி வந்தவர்களில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால்தான் எலும்பு மெலிகிறது என்றார். இன்றைக்கும் நிற்கிற கருத்து அது.

இதில் கொழுப்பு எங்கே வந்தது? 1970-களில் டெக்சாஸில் மெக்டொனால்ட், சீட்டெரி குழுவினர் ஆராய்ந்தபோது, மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாராவது தெளிவானது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடம்பு பெருக்கப் பெருக்க இந்த மாற்றமும் கூடுகிறது. சும்மா கிடக்கும் குடோன் என்று நாம் நினைத்த கொழுப்பு, உள்ளே ஒரு சின்ன ஃபேக்டரியே நடத்திக்கொண்டிருந்தது!

கூடவே, சுமை தாங்கும் எலும்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே புத்தகம் எழுதியிருந்தார். ரெண்டையும் சேர்த்தால் கணக்கு சுலபம். எடை கூடினால் சுமையும் கூடும், ஈஸ்ட்ரோஜனும் கூடும். அப்போ எலும்பு ஸ்ட்ராங்!

மறுபக்கமும் இதற்கு ஒத்துப்போனது. 1984-ல் அதே பாஸ்டன் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அனோரெக்ஸியா உள்ள பெண்களின் எலும்பை அளந்தார்கள். அனோரெக்ஸியா என்பது, குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை வெட்டிக்கொண்டே போகும் நோய். இளம் வயதிலேயே எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. சிலருக்கு முதுகெலும்பே நொறுங்கியிருந்தது. 2005-ல் சுமார் 60,000 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பிஎம்ஐ 25 உள்ளவர்களைவிட 20 உள்ளவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனால் பிஎம்ஐ 25-லிருந்து 30-க்குப் போனால் கிடைத்த கூடுதல் பாதுகாப்பு 17 சதவீதம் மட்டும்தான். அதாவது, ஒல்லியாக இருப்பது ஆபத்து என்பது உண்மை. அதற்காக, எடை ஏற ஏற பாதுகாப்பும் அதே வேகத்தில் ஏறாது.

பிரச்சினை பெரிசாகத் தெரிந்தது 2011-ல். குளோ என்ற ஆய்வு 10 நாடுகளில் 60,000 பெண்களைப் பின்தொடர்ந்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எலும்பு முறிவு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். கணுக்காலிலும் தொடை எலும்பிலும் பருமனானவர்களுக்கே அதிகம். அப்படி முறிந்த பிறகும் எலும்புக்கான சிகிச்சை கிடைத்தது அவர்களில் குறைவானவர்களுக்குத்தான். இதைப் படித்ததும் அத்தையின் கேள்விதான் ஞாபகம் வந்தது. எங்க வீட்டிலும் மாவுக்கட்டு போட்டதோடு விட்டுவிட்டோம். எலும்பு அடர்த்தியைப் பார்க்கணும் என்று யாருக்கும் தோணவில்லை, எனக்கும்தான்.

ஏன் இப்படி? பதிலில் ஒரு பகுதி மறுபடியும் அதே பாஸ்டன் மருத்துவமனையில் கிடைத்தது. மிரியம் பிரெடெல்லா குழுவினர் மாதவிடாய் நிற்காத, பருமனான பெண்களை ஸ்கேன் செய்தார்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் இருந்தவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாகவும், எலும்பு மஜ்ஜைக்குள் கொழுப்பு அதிகமாகவும் இருந்தது. அதைவிட ஆச்சரியம், அனோரெக்ஸியா உள்ள பெண்களிடமும் மஜ்ஜைக் கொழுப்பு அதிகம். வெளியே எலும்பும் தோலும், எலும்புக்குள்ளே கொழுப்பு!

மஜ்ஜையில் இருக்கும் ஒருவகை மூலச்செல்லுக்கு ரெண்டு வழி உண்டு: எலும்பு கட்டும் செல்லாகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். நம்ம பாஷையில் சொன்னால், ஒரே கோடில் ஒரு இஃப்-எல்ஸ். கொழுப்புப் பக்கம் அதிகம் போனால் எலும்பு கட்ட ஆள் குறையும். ஆக, உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கு என்பது மட்டும் போதாது. எங்கே இருக்கு என்றும் பார்க்கணும்.

கடைசியில் அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். டி-ஸ்கோர் மைனஸ் 2.6. மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ் என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. இப்போ சிகிச்சை நடக்கிறது. வீட்டில் நாலு மாசம் தள்ளிப்போட்டதுதான் உறுத்துகிறது.

உங்க வீட்டில் 50 தாண்டின யாராவது சின்ன சறுக்கலிலேயே எலும்பை முறித்துக்கொண்டால், "நல்ல உடம்புதானே" என்று விட்டுவிடாதீங்க. எலும்பு அடர்த்தி பார்க்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.