பெற்றோர் விருப்பம்

அப்பா மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டியைப் பிரித்தபோது, நிலப் பத்திரங்களுக்கு அடியில் அக்காவின் மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, 1988. மடிப்புகளில் கிழிந்து பழுப்பேறிய தாள். ‘பள்ளியை விட்டு நீங்கும் காரணம்’ என்ற வரிக்கு எதிரே தலைமையாசிரியர் அழகான கையெழுத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதியிருந்தார்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். அங்கே எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்க இரண்டு வழிகள் இருந்தன. மூன்று கிலோமீட்டரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் உயர்நிலைப் பள்ளி. பதினெட்டுக் கிலோமீட்டரில், நகரத்தில், பெண்களுக்கென்றே ஒரு மேல்நிலைப் பள்ளி. பக்கத்துப் பள்ளியில் பையன்கள் இருந்தார்கள். தூரத்துப் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பையன்கள் இருந்தார்கள். திண்ணையில் ஒரு வாரம் பேசினார்கள். இரண்டில் எது என்று தொடங்கிய பேச்சு, இரண்டும் வேண்டாம் என்று முடிந்தது.

தமிழ்நாட்டுப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகள் திறக்கப்பட்ட ஆண்டுகளை வரிசைப்படுத்துவார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் பாதையை யாரும் எழுதுவதில்லை. என் பார்வையில் அந்தப் பாதைதான் வரலாறு.

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) இந்தச் சிக்கலை வெகு இலகுவாகத் தாண்டிவிடுகிறது. பிரதாபனும் ஞானாம்பாளும் ஒரே ஆசிரியரிடம், வீட்டிலேயே, சேர்ந்து படிக்கிறார்கள். படிப்பில் கெட்டிக்காரி அவள்தான். பெண்கல்விக்காக ஓயாது எழுதிய வேதநாயகம் பிள்ளைக்கு இருபாலர் கல்வி அச்சமூட்டவில்லை. ஆனால் அது உறவுக்குள், ஒரே கூரைக்குள், செல்வர் வீட்டில் நடக்கும் கல்வி. ஞானாம்பாள் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருந்திருந்தால் அந்த நாவல் வேறு மாதிரி போயிருக்கும்.

உண்மையில் தெருவில் இறங்கியவர் எங்கள் புதுக்கோட்டைக்காரர். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளி நின்றது. தந்தை நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடம் சொன்னார். 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து என்ன என்ற கேள்விக்கு அன்றைய நிலையில் கிடைத்த விடைகளைப் பாருங்கள். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி தொடங்கப்பட்டது 1914இல். பெண்கள் கிறித்தவக் கல்லூரி அதற்கு அடுத்த ஆண்டு. பெண்களுக்கென்று அப்போது இருந்தது பாளையங்கோட்டையில் 1895இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த சாராள் தக்கர். புதுக்கோட்டையிலிருந்து அது பல நாள் தொலைவு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரயில் வந்ததே 1929இல்தான். அதுவரை திருச்சிக்குப் போவதென்றாலே மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போயாக வேண்டும்.

பக்கத்தில் இருந்தது மகாராஜா கல்லூரி. முழுக்க முழுக்க ஆண்களுக்கானது.

அவர் விண்ணப்பித்தார். ஊர் எதிர்த்தது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். (கெட்டுப்போகக்கூடியவர்களை விட்டுவிட்டு, யாரால் கெடுவார்களோ அவளை வெளியே நிறுத்துவது நம் ஊர் நியாயங்களில் பழமையானது.) அவருடைய தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். எதிர்ப்பில் ‘பெண்’ என்பதோடு ‘இன்னாரின் மகள்’ என்பதும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. மூடு வண்டியில் போய் இறங்கினார் என்றும், வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை இருந்தது என்றும் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். பிறகு 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். அந்த மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெண் உடலைத் தொடப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது திரைகள் எளிதில் விலகின.

ஆனால் அந்தச் சேர்க்கைக்குக் கல்லூரி முதல்வராக இருந்த ஒரு தந்தையும், பிடிவாதமுள்ள ஓர் அரசரும் தேவைப்பட்டார்கள். மற்ற பெண்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்கு வழி திறந்தது ஆணையால் அன்று, விடுதியால். இளம் விதவையாகிப் படித்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, எழும்பூரில் ஒரு வீட்டில் சில பிராமண விதவைப் பெண்களோடு தொடங்கிய இல்லம் பின்னர் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. தூரத்துப் பெண்கள் பள்ளி என்பது சுவரும் சமையலறையும் உடைய ஒரு வீடாகவும் இருந்தால் மட்டுமே பெற்றோர் அனுப்புவார்கள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அந்தச் சமையலறையில் யார் உண்ணலாம் என்பதில்தான் எல்லைக்கோடு இருந்தது. 1930இல் தேவதாசிக் குலத்துப் பெண்கள் சிலர் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, விடுதிகள் சாதி பார்த்து அவர்களை ஏற்க மறுத்தன. அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் திண்ணைப் பேச்சு காதில் விழுகிறது. “ஆம்பளப் பயலுகளோட ஒக்கார வைக்கவா புள்ளைய வளத்தோம்?” என்று அப்பத்தா கேட்டாள். அப்பா மறுமொழி சொல்லவில்லை. பெரியப்பாதான் மெல்லிய குரலில், “எந்தத் தெருப் பயலுகன்னு பாருங்க ஆத்தா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆண்கள் என்பது மட்டுமே அச்சமாக இருந்ததில்லை. பக்கத்துப் பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்தார்கள். பெண்கள் பள்ளி என்ற ஆசையில் பாதி, மாப்பிள்ளையை வீட்டார்தாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆசை.

அரசும் இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கியே தொட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952-53), தேவை உள்ள இடங்களில் பெண்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்றது. இருபாலர் பள்ளிகளில் மாணவியருக்கும் ஆசிரியைகளுக்கும் உரிய வசதிகளை நிபந்தனையாக்க வேண்டும் என்றது. நாட்டுப்புறத்தில் பெண்கல்விக்கு ஏன் ஆதரவில்லை என்று ஆராய 1963இல் பக்தவத்சலம் தலைமையில் அமைந்த குழு, தொடக்கக் கல்வியில் சேர்ந்து படிப்பதே பொது வழக்காகட்டும், அதற்கு மேல் வேண்டுவோர்க்குத் தனிப் பள்ளி என்றது. இரண்டுமே நியாயமான பரிந்துரைகள். ஆனால் ‘தேவை’, ‘வேண்டுவோர்’ என்ற சொற்களுக்குள் இருப்பவர் தந்தை. பதின்மூன்று வயதுப் பெண் அன்று. அந்தத் தலைமையாசிரியர் எழுதிய ‘பெற்றோர் விருப்பம்’ இந்த அறிக்கைகளின் நாட்டுப்புறச் சுருக்கம் போல எனக்குத் தோன்றுகிறது.

சொல்ல மறந்துவிட்டேன். அக்காவின் சான்றிதழ் பள்ளியிலிருந்து வாங்கப்பட்டதே அவள் திருமணத்துக்காகத்தான். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வந்த திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5000 ரூபாய் தந்தது. பல வீடுகளில் அந்தத் திட்டத்தால்தான் பெண் எட்டாவதை எட்டினாள். சில வீடுகளில் எட்டாவதோடு நின்றாள்.

பாதையின் கணக்கை மாற்றியது எந்த அறிக்கையும் அன்று, மிதிவண்டி. 1991இல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியால் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்கள் வண்டி போதாததால் ஆண்கள் வண்டியிலேயே சேலை கட்டியவர்கள் ஏறிப் போனார்கள். 1992இல் பதினேழு வயதில் அக்காவும் கற்றாள், குரங்குப் பெடல் அடித்து, முழங்கால் சிராய்த்து. எனக்கு அவள்தான் குரு. 1994இல் நான் எட்டாவது முடித்தபோது திண்ணையில் மீண்டும் அதே பேச்சு எழுந்தது. ஆனால் இம்முறை மூன்று கிலோமீட்டர் என்பது பத்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது. ‘பையன்கள்’ என்ற வாதத்தின் பாதி வலு தூரத்தில் இருந்தது என்பது அன்று தெரிந்தது. நான் பக்கத்துப் பள்ளிக்குப் போனேன். (மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு 2001-02இல் அரசு இலவச மிதிவண்டி தரத் தொடங்கியது, 2005-06இல் அது மாணவர், மாணவியர் அனைவருக்கும் விரிந்தது.)

அந்தப் பள்ளியைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள், நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. ஒரு சொல் பேசினால் பிரம்படி. மகாராஜா கல்லூரியின் திரை அங்கே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கியது. ஆய்வுக்கூடத்தில் பையன்கள் கருவியைத் தொட, நாங்கள் குறிப்பெடுத்தோம். மேல்நிலைக்கு நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு வந்த பிறகுதான் பியூரெட்டை என் கையால் பிடித்தேன். அதற்காகப் பெண்கள் பள்ளியே மேல் என்று தீர்ப்பளிக்கவும் மனம் வரவில்லை. அருகில் ஒரு பள்ளி இருந்திராவிட்டால் அந்த பியூரெட்டை நான் எட்டியிருக்கவே மாட்டேன்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். உன்னைக் கேட்டிருந்தால் எந்தப் பள்ளியைச் சொல்லியிருப்பாய் என்றேன். பக்கத்துப் பள்ளி என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். இத்தனை நேரம் நான் எழுதிவந்ததெல்லாம் அந்த விடையை நம்பித்தான்.

“டவுனு ஸ்கூலுதான்” என்றாள் உடனே. “காலையில பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு. சன்னலோரம் ஒக்காந்துக்கிட்டே போயிருப்பேன்.”