ஆறு தெளிந்த கதை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், "இந்த ஆறு முன்பு நாறியதாமே, ஐயா?" என்று என் மாணவன் ஒருவன் வினவினான்.

உண்மைதான். குழாய் இணைப்பற்ற குடியிருப்புகள், தெருவோரக் கடைகள், பன்றிப் பண்ணைகள் ஆகியவற்றின் கழிவுகள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் வடிநிலத்திலும் கலந்தன. பத்தாண்டுகளில் இந்த ஆறுகளில் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டுமெனப் பிரதமர் லீ குவான் இயூ 1977இல் இலக்கு வகுத்தார். குப்பையை அள்ளியதால் மட்டும் அது கைகூடவில்லை. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கழிவுநீர்க் குழாய்கள் எங்கும் நீண்டன. 1987இல் ஆறு தெளிந்தது. அதே ஆண்டு மலவாளி சுமக்கும் தொழிலும் ஒழிந்தது. குழாய் வந்தபின்பே ஆற்றுக்கும் மனிதத் தோளுக்கும் விடுதலை கிட்டியது.

மக்கள்தொகை பெருகவே, பழைய நீரேற்று நிலையங்களைப் புதுப்பிப்பதா, வேறு வழி காண்பதா என்ற வினா எழுந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்திற்கு ஆழ்சுரங்கம் தோண்டி, 2008இல் முதற்கட்டத்தை நிறைவு செய்தனர். சரிவாக அமைந்த அதனுள் கழிவுநீர் புவியீர்ப்பால் தானே ஓடுகிறது. ஆகவே, பழுதுற்றால் கழிவை வெளியே கசியவிடக்கூடிய நீரேற்று நிலையங்கள் பலவற்றை மூட வழி பிறந்தது. அதே ஆண்டில் மரினா அணைக்கட்டும் திறக்கப்பட்டது. அன்று நாறிய ஆறு இன்று நம் குடிநீர்த் தேக்கத்தில் கலக்கிறது.

அம்மாணவனிடம் நான் கூறியது இதுவே: "தம்பி, ஆற்றின் வரலாற்றைக் கரையில் மட்டும் தேடாதே, மண்ணுக்கு அடியிலும் தேடு."