சிங்யாங் கன்மாரி: 1490ஆம் ஆண்டுச் செய்தியில் இரண்டு அளவுகள்

மிங் பேரரசர் ஹோங்ஜியின் ஆட்சியில், 1490ஆம் ஆண்டு, சீனத்தின் சிங்யாங் வட்டாரத்தில் வானிலிருந்து கற்கள் மழையாய்ப் பொழிந்து 10,000 பேருக்கு மேல் மாண்டனர் என்பது ஏடுகள் தரும் செய்தி. இதை உலக ஆய்வாளர்களிடம் பரப்பியது, யாவ், வைஸ்மன், யோமன்ஸ் மூவரும் 1994இல் ‘மீட்டியோரிட்டிக்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. சாவு எண்ணிக்கை நம்பத் தயங்க வைக்கிறது என்பதை அவர்களும் ஒப்புகின்றனர். ஆயினும், 1908இல் துங்குஸ்காவில் நடந்ததைப் போல ஒரு சிறுகோள் குடியிருப்புக்கு மேலே வெடித்துச் சிதறியிருந்தால் அது நடக்கக்கூடியதே என்ற வழியைத் திறந்து வைக்கின்றனர். அந்த வழி சரியானதன்று என்பதே என் கருத்து.

அவர்கள் எடுத்துக்காட்டும் வாசகத்தில் கல்லின் அளவு இருமுறை வருகிறது. பெரியவை 4, 5 ஜின், சிறியவை 2, 3 ஜின் என எடையாக ஒருமுறை. பெரியவை பெருவாத்து முட்டை போல, சிறியவை நீரில் விளையும் கொட்டை போல என உவமையாக மறுமுறை. இரண்டும் ஒன்றையொன்று விளக்குவதாகவே இதுவரை வாசித்து வந்துள்ளோம். எடை போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. மிங் காலத்து ஜின் ஏறத்தாழ 600 கிராம். பெருவாத்து முட்டை அளவுள்ள சாதாரண விண்கல் அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது; அதாவது ஒரு ஜின்னுக்கும் குறைவு. ஆகவே உவமை சொல்லும் மிகப் பெரிய கல், எடை சொல்லும் மிகச் சிறிய கல்லில் பாதிகூட இல்லை. ஒரே ஆள் ஒரே கற்குவியலைப் பார்த்து இரண்டையும் சொல்லியிருக்க முடியாது. வாசகத்தில் குறைந்தது இரு கைகள் உள்ளன. அவற்றுள் கண்ணால் கண்டவர் பேச்சு உவமையில்தான் கேட்கிறது. முட்டையும் கொட்டையும் அன்றாடம் கையில் எடுப்பவை. எடையோ வாய்மாறி வரும்போது எளிதில் ஏறும். கல்லின் எடை ஏறிய அதே வழியில் பிணங்களின் எண்ணிக்கையும் ஏறியிருக்கலாம் என்று கருதுகிறேன். சான்று மெலிந்த இடம் இது என்பதை அறிந்தே இதை வலியுறுத்துகிறேன்.

கன்மாரி பெருங்கொலை செய்வதில்லை. 1868 ஜனவரி 30இல் போலந்தின் புல்துஸ்கில் பல்லாயிரம் கற்கள் விழுந்தன, உயிர்ச்சேதம் இல்லை. சீனத்திலேயே, 1976 மார்ச் 8இல் ஜிலினில் விழுந்தவற்றுள் ஒன்று 1,770 கிலோ; யாருக்கும் காயமில்லை. கொல்லக்கூடியது வெடிப்பின் அதிர்வலை. ஆனால் வானில் எழுந்த தீயைப் பற்றியோ இடிந்த வீடுகளைப் பற்றியோ அந்த வாசகம் பேசவில்லை, கற்களைப் பற்றியே பேசுகிறது. துங்குஸ்காவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு: காடு சாய்ந்தது, கல் கிடைக்கவில்லை.

மேலும், சீனத்தில் ‘வான்’ எனும் சொல் பதினாயிரத்தையும் குறிக்கும், எண்ணிலடங்காதது என்றும் பொருள்படும். நம் வழக்கில் ‘ஆயிரம்’ அப்படித்தான்.

1739இல் முடிக்கப்பெற்ற மிங் வம்ச அதிகாரபூர்வ வரலாறு கற்கள் விழுந்ததைக் குறிக்கிறது, சாவைக் குறிக்கவில்லை. இம்மௌனத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டரை நூற்றாண்டு பிந்திய தொகுப்பு எதையும் விட்டிருக்கலாம். விழுந்தது ஆலங்கட்டி என்பாருக்கும் ஒரு சொல்: சீன ஏடுகளில் ஆலங்கட்டிக்குத் தனிச்சொல் உண்டு, இங்கே நிற்பது ‘கல்’. ஆனாலும் அந்த வீழ்ச்சியைச் சேர்ந்ததென உறுதிப்பட்ட கல் ஒன்று கையில் இல்லாதவரை இந்த ஐயம் முழுதும் தீராது.

நாளும் தீரவில்லை. மார்ச் அல்லது ஏப்ரல் என்பதற்கு மேல் குறுக்க இயலாது.

வாசகத்தின் கடைசிச் செய்தியை மட்டும் ஐயமின்றி ஏற்கிறேன்: நகரத்தார் எல்லோரும் வேறிடம் ஓடினர். சிலர் இறந்திருக்கவும் கூடும். 1888இல் சுலைமானியாவில் விண்கல்லால் ஒருவர் இறந்ததை, மற்றொருவர் முடங்கியதை, உதுமானிய அரசு ஆவணங்கள் பதிந்துள்ளன. அவை 2020இல்தான் வெளியாயின. விண்கல் உயிரிழப்புப் பட்டியலில் சிங்யாங்குக்கு இடமுண்டு; 10,000 என்ற எண்ணுக்கு இடமில்லை.